விருது விழாத் தொடக்க அனிமேஷன்: ஒட்டாத காட்சிகளும் மினுங்கும் எழுத்துகளும்

வணக்கம். மூன்று அனிமேட்டர்கள் பிரித்துச் செய்த 90 வினாடித் தொடக்கப் படத்தில் காட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றும், ஒத்திகையில் எல்இடி திரையில் பெயர்கள் மினுங்கின என்றும் எழுதியிருந்தீர்கள்.

நிறங்களை ஏற்கெனவே ஒருமைப்படுத்திவிட்டதாகச் சொல்வதால், என் சந்தேகம் அசைவின் மீதே விழுகிறது. வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒருவர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிய படம் வரைய, மற்றொருவர் ஒரே படத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி வினாடிக்கு 12 படங்களோடு முடித்திருந்தால், நிறமும் கோடும் எவ்வளவு பொருந்தினாலும் அவை இரு வேறு படங்களாகவே தெரியும். எனவே தொடக்கம், நடு, முடிவு ஆகியவற்றிலிருந்து தலா ஒரு காட்சியை எடுத்து, அசைவின் வேகம், கோட்டின் தடிமன், ஒளி வரும் திசை ஆகியவற்றை நீங்களே இறுதி செய்து, அம்மூன்று காட்சிகளையும் அளவுகோலாக மூவரிடமும் கொடுங்கள். எல்லாக் காட்சிகளையும் ஒரே நேரத்தில் திருத்தச் சொல்வது வீண் உழைப்பு.

மினுங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அளவு மாற்றம்தான். பிக்சல் இடைவெளி (அடுத்தடுத்த ஒளிப்புள்ளிகளின் மையங்களுக்கு இடையிலான தூரம்) 3.9 மில்லிமீட்டராக உள்ள 10 மீட்டர் அகலத் திரையில் குறுக்காக ஏறத்தாழ 2,564 பிக்சல்களே இருக்கும்; 3,840 பிக்சல் அகலத்தில் செய்த படம் அதில் சுருங்கும்போது மெல்லிய கோடுகள் சிதைகின்றன. திரை அமைப்பாளரிடம் பிக்சல் வரைபடத்தை (திரையின் பிக்சல் எண்ணிக்கையையும் அமைப்பையும் காட்டுவது) கேட்டுப் பெற்று, அதே அளவில் படத்தின் இறுதிக் கோப்பை உருவாக்குங்கள், எழுத்தையும் தடிமனாக்குங்கள். முழு வெள்ளைப் பின்னணி முன்வரிசையினரின் கண்ணைக் கூசச் செய்யும் (இதை நானும் ஒத்திகையில்தான் கற்றேன்).

தொகுப்பாளர் மேடையேறத் தாமதமாகலாம் என்பதால், இறுதிக் காட்சியைத் தொடர்ந்து சுழலும்படி தனிக் கோப்பாகவும் கொடுத்துவிடுங்கள்.