பாதி வகுப்பும் வகுப்புதான்

கேள்வி: எனக்கு வயது 46. ஆறு வருடமாக ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்கிற முடக்குவாதம் இருக்கிறது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுக்கிறேன். நோய் வருவதற்கு முன்பிருந்தே குழு உடற்பயிற்சி வகுப்புக்குப் போய்வருகிறேன். இரண்டு நாள் ஸ்டெப் ஏரோபிக்ஸ் (தாழ்வான பலகையில் ஏறி இறங்கும் பயிற்சி), ஒரு நாள் ஜும்பா (பாட்டுக்கு ஆடும் நடனப் பயிற்சி). ஐந்து வாரத்துக்கு முன்பு ஜும்பாவில் சுழன்று திரும்பும்போது வலது கணுக்கால் பிசகிவிட்டது. எலும்பு முறிவு இல்லை, லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) இழுபட்டிருக்கிறது என்றார்கள். இப்போது நடக்க முடிகிறது. வீட்டில் "போதும், விட்டுவிடு" என்கிறார்கள். மருத்துவரோ "உடற்பயிற்சி நல்லது, பார்த்துச் செய்யுங்கள்" என்கிறார். எதைப் பார்ப்பது, எப்படிச் செய்வது? நடுவில் நிறுத்திவிட்டு ஓரமாக நிற்கவும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: "பார்த்துச் செய்யுங்கள்" என்பது மருத்துவர்களும் எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்ட்டுகளும் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை. எதைப் பார்ப்பது என்று நீங்கள் திருப்பிக் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

முதலில் வீட்டாருக்கான பதில்: விட வேண்டாம். முடக்குவாதம் வந்தால் மூட்டுக்கு ஓய்வுதான் மருந்து என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், வாரக்கணக்கில் படுக்கையில் வைத்தும் பார்த்தார்கள். மூட்டு பிழைத்ததோ இல்லையோ, தசை கரைந்தது. இன்று நிலைமை வேறு. ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்பான யூலார் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகள் உடல் இயக்கத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்துப் பேசுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அந்த அளவை எட்ட முடியாவிட்டாலும் முடிந்ததைச் செய்வது சும்மா இருப்பதைவிட நல்லது என்றும் அதிலேயே இருக்கிறது. முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை, இதயநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. ஆகவே உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உடற்பயிற்சி தேவை.

சரி, அப்படியானால் கால் ஏன் பிசகியது? நோயா, ஜும்பாவா என்று யோசித்திருப்பீர்கள். எனக்கு முதல் சந்தேகம் பாட்டின் மேல்தான். வீட்டில் தனியாகச் செய்யும்போது கால் தளர்ந்தால் நீங்களே வேகத்தைக் குறைப்பீர்கள். வகுப்பில் வேகம் ஸ்பீக்கரில் இருக்கிறது. நாற்பதாவது நிமிடத்தில் கெண்டைக்கால் களைத்திருக்கும், தாளம் களைக்காது. உடம்பு திரும்பிவிடும், பாதம் கொஞ்சம் பிந்தும், அந்த இடைவெளியில்தான் கணுக்கால் மடங்குகிறது. கூடவே காலணியையும் பாருங்கள். ஓடுவதற்கான ஷூவின் அடிப்பகுதி தரையைக் கவ்விப் பிடிக்கும். நேராக ஓட அது வசதி. நின்ற இடத்தில் சுழலும்போது பாதம் தரையோடு நின்றுவிட, மிச்சத் திருகல் எல்லாம் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகும். இடுப்பிலும் தோளிலும் குறை தேடிக்கொண்டிருப்பவர்கள் ஷூவைக் கழற்றிப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

ஆக, வகுப்பு உங்களுக்குக் கொடுப்பதையும் உங்களிடமிருந்து எடுப்பதையும் தனித்தனியாகப் பிரியுங்கள். அது கொடுப்பது குறித்த நாள், குறித்த நேரம், தெரிந்த முகங்கள், வராவிட்டால் விசாரிக்க நாலு பேர். இதெல்லாம் உங்களுக்கு முழுசாக வேண்டும். அது எடுப்பது வேகம், குதிப்பு, சுழற்சி. இவற்றை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று யோசிப்பதைவிட, போய் எவ்வளவு செய்வது என்று யோசிப்பது பயனுள்ளது.

கணுக்காலை முதலில் பார்ப்போம். நடக்க முடிகிறது என்பதால் ஆட முடியும் என்று ஆகாது. இழுபட்ட லிகமென்ட் மேலோட்டமாக ஆறிய பிறகும், அதன் நார்கள் பழைய உறுதிக்கு வர மாதங்கள் ஆகும். இன்னொன்று, அந்த நார்களில்தான் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு நரம்புகளும் இருக்கின்றன. அடிபட்டால் அந்தச் செய்தி மங்கிவிடும். ஒருமுறை பிசகிய கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கு இது ஒரு காரணம். பயிற்சியால் இதைத் திரும்பக் கொண்டுவரலாம். சுவரோரம் நின்று, ஒரு விரல் மட்டும் சுவரில் தொட்டபடி, வலது காலில் மட்டும் நில்லுங்கள். முப்பது விநாடி ஆடாமல் நிற்க வந்ததும் விரலை எடுங்கள். அதுவும் வந்ததும் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். அந்தக் கணத்தில் கணுக்கால் நடுங்குவது உங்களுக்கே தெரியும். அந்த நடுக்கம் அடங்கும்வரை சுழற்சி வேண்டாம். அப்புறம் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். இடது காலில் பதினைந்து முறை வந்து, வலது காலில் எட்டோடு நின்றால், வலது கால் இன்னும் வகுப்பில் பாதியைத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பின் அசைவுகள் முதலில் திரும்பட்டும், பக்கவாட்டு அசைவுகள் அடுத்து, சுழற்சியும் குதிப்பும் கடைசி. வகுப்பு நேரத்தில் கணுக்கால் பிரேஸ் (கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் உறை) போட்டுக்கொள்வது நல்லது, மறுபடி பிசகும் வாய்ப்பை அது குறைக்கும். நீங்கள் செய்யும் பயிற்சிக்கு அது துணைதான், பயிற்சிக்குப் பதில் இல்லை.

அடுத்தது முடக்குவாதம். இதற்கான அளவுகோலை நீங்கள் தினமும் கையோடு கொண்டுபோகிறீர்கள். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கி முட்டியாக மூடுங்கள். இறுக்கம் விட்டு முழுசாக மூட எவ்வளவு நேரம் ஆகிறது? உங்களுக்கு வழக்கமாக இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இன்றும் அதே இருபது என்றால் திட்டமிட்டபடி போகலாம். ஒரு மணி நேரம் ஆகியும் மோதிர விரல் உள்ளங்கையைத் தொடவில்லை, மூட்டு சூடாக, புசுபுசுவென்று இருக்கிறது என்றால் நோய் கிளர்ந்திருக்கிறது. அன்று குதிப்பும் எடையும் கிடையாது. மூட்டுகளை வலிக்காத எல்லைக்குள் அசைப்பதோடு சரி. வகுப்புக்குப் போய் உட்கார்ந்தபடி கை அசைவுகளை மட்டும் செய்தாலும் வரவுக் கணக்கில் அது வருகைதான். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் போகவே வேண்டாம். நீங்கள் எடுக்கும் மருந்து நோய் எதிர்ப்பை அடக்குவது, காய்ச்சலை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் எடுத்த மறுநாள் பலருக்கு அசதியும் குமட்டலும் இருக்கும். உங்களுக்கும் அப்படி என்றால் ஸ்டெப் வகுப்பை அந்த நாளில் வைக்காதீர்கள். மாத்திரை நாளையே மாற்ற நினைத்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய மருந்தில் நாள் குழம்பினால் ஆபத்து.

வலிக்கும் ஒரு கணக்கு வேண்டும். பூஜ்யம் முதல் பத்து வரை எண் கொடுங்கள். செய்யும்போது இரண்டு வரை வலித்தால் பயமில்லை. மூன்று, நான்கு, ஐந்து வரை பொறுக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஐந்தைத் தாண்டினால் அந்த அசைவை அப்போதே விடுங்கள். மூட்டுநோய் உள்ளவர்களுக்கு இன்னும் எளிமையான ஒரு விதியும் உண்டு. வகுப்பு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து மூட்டு வலி வகுப்புக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாக இருந்தால், அன்றைக்குச் செய்தது அதிகம். தசை வலி வேறு. அது ஒன்றிரண்டு நாள் கழித்து, இரண்டு பக்கமும், தசையின் நடுப்பகுதியில் மந்தமாக இருக்கும். அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. வகுப்பைச் சமாளிப்பதற்கென்றே வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நிறுத்தச் சொல்லும் மணியை நீங்களே கழற்றி வைத்ததாகிவிடும். மருத்துவர் தினசரிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை வேறு விஷயம், அதை விடக்கூடாது.

கழுத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல வருட முடக்குவாதத்தில் கழுத்தின் உச்சியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு சிலருக்குத் தளர்ந்துபோகும். தலையை வட்டமாகச் சுற்றுவது, சட்டென்று பின்னால் சாய்ப்பது எல்லாம் வார்ம்-அப்பில் சாதாரணமாக வந்துவிடும். நீங்கள் அவற்றை விட்டுவிடுங்கள். பின்னந்தலை வலி, கைகளில் மரத்துப்போதல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் அடுத்த வகுப்புக்குப் போகாதீர்கள். கையை ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் செய்யும்போது மணிக்கட்டு வலித்தால் முழங்கையை ஊன்றிச் செய்யலாம், அல்லது சுவரைத் தள்ளலாம்.

கூச்சத்தை நீங்கள் கடைசியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. என்னிடம் மறுபடி அடிபட்டு வருகிறவர்களில் பலருக்கு என்ன செய்யக்கூடாது என்பது நன்றாகவே தெரிந்திருக்கும். "இன்னும் எட்டுதான், விடாதீங்க" என்று பயிற்சியாளர் குரல் கொடுத்தபோது விட முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் முடிவை வகுப்புக்குள் எடுக்காதீர்கள். வாசலில் ஷூ மாட்டும்போதே எடுத்துவிடுங்கள்: இன்று இருபத்தைந்து நிமிடம், குதிப்பு இல்லை, திருப்பம் இல்லை. தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு பயிற்சியாளரைத் தனியாகப் பிடித்து, "கணுக்கால் ஆறிக்கொண்டிருக்கிறது, மூட்டுவாதமும் இருக்கிறது. நான் பாதியில் நடைக்கு மாறினால் கூப்பிடாதீங்க" என்று சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் குதிக்காமல் செய்யும் வடிவத்தைக் காட்டுவார், குதித்துக் கால்களை அகட்டிச் சேர்க்கும் ஜம்பிங் ஜாக்குக்குப் பதில் ஒவ்வொரு காலாகப் பக்கத்தில் வைத்து எடுப்பது மாதிரி. சொன்ன பிறகும் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி உசுப்புகிறவர் என்றால், வகுப்பை விடாமல் ஆளை மாற்றுங்கள். இடம் பக்கச் சுவரை ஒட்டி, இரண்டாம் வரிசையில் இருக்கட்டும். கை ஊன்றச் சுவர் கிடைக்கும், பயிற்சியாளரின் பாதமும் தெரியும். கடைசி வரிசையில் பாதம் தெரியாமல் அரைத் தாளம் பிந்துவதே ஒரு தொல்லை.

இருபத்தைந்து நிமிடம் என்றேனே, அது முடிந்ததும் வெளியே நடந்துவிடாதீர்கள். நின்ற இடத்தில் மெதுவாக நடந்துகொண்டிருந்து, கடைசியில் உடலைத் தளர்த்தும் பகுதியில் மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். வெட்ட வேண்டியது நடுப்பகுதியைத்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சுருக்கமாக: இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வகுப்புக்கு முன்பு சர்க்கரை அளவைப் பாருங்கள், தாழ்வு அன்று இரவுகூட வரலாம். பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தம், இதயநோய்க்குத் தரும் ஒருவகை மருந்து) எடுப்பவர்கள் கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை நம்பாதீர்கள், மருந்து அதை ஏற விடாது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் மிதமான வேகம். ஒருநாள் உழைப்புக்குப் பல நாள் படுத்துவிடும் நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களுக்கு இங்கே நான் சொல்கிற, பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் முறை பொருந்தாது. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பே 2021-இல் அந்த முறையை இந்நோய்க்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நெஞ்சு இறுக்கம், மயக்கம், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து காய்வது, இவற்றில் எது வந்தாலும் யாரும் வகுப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்களுக்கு அடுத்த வாரம் ஒரே ஒரு ஸ்டெப் வகுப்பு. பலகை வேண்டாம், அதே அசைவுகள் தரையிலேயே. மறுநாள் காலை கையை முட்டியாக மூடிப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வையுங்கள். இரண்டு வாரம் அந்த எண் ஏறாவிட்டால் இரண்டாவது வகுப்பைச் சேருங்கள், அதற்கடுத்து நாலு அங்குலப் பலகை. ஜும்பா, ஒற்றைக் காலில் தலையைத் திருப்பியும் நடுங்காமல் நிற்க வந்த பிறகு.