அன்பின் விருந்தில் யாருக்கு முதல் பந்தி?

கேள்வி: அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்தில் அசனம் போடுகிறோம். லைங்தாயா தொழிற்பேட்டையில் கார்மென்ட் வேலைக்குப் போனவர்கள் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அண்டாவில் அடிச்சோறுதான் மிச்சம். ஆதித் திருச்சபையார் இதை எப்படிச் சமாளித்தார்கள்?
– வாசகர், யாங்கூன்

பதில்: கொரிந்துவில் அவர்களும் இதே இடத்தில்தான் சறுக்கினார்கள். “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்று பவுல் கடிந்துகொண்டது இந்தப் பந்தியைப் பற்றித்தான் (1 கொரி. 11:21). சபை கூடியது வீடுகளில். அக்காலத்து வசதியான வீட்டில் சாப்பாட்டு அறையின் மூன்று பக்கமும் சாய்வு மஞ்சம் இருக்கும். வழக்கமாக 9 பேர் சாய்ந்து சாப்பிடலாம். மற்றவர்களுக்கு முற்றம்தான். ஞாயிறும் அன்று வேலை நாள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வு நாளாக்கியது கி.பி. 321இல். அடிமையும் கூலிக்காரரும் வேலை முடிந்துதானே வர முடியும்?

பவுல் சொன்ன வழி ஒரே வரி: “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” (11:33). எடுத்து வையுங்கள் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எடுத்து வைத்த சோற்றைத் தனியே உட்கார்ந்து தின்பவருக்கு அது விருந்தாகாது. ஆகவே பந்தியை மாலை 5 மணிக்குத் தள்ளுங்கள். முடியாதென்றால் 100 பேருக்கான 13 கிலோ அரிசியில் 3 கிலோவைக் களைந்துவிடாமல் நிறுத்தி, அவர்கள் வரும் நேரத்துக்குச் சின்னத் தேக்சாவில் புதிதாக வடியுங்கள். நம் வெக்கையில் மதியச் சோறு மாலைக்குள் நீர்த்துவிடும். கறியையும் அப்போதே பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பந்திக்குக் குழம்பு மட்டுமே வரும். இரண்டாம் பந்தியில் மூப்பர்களும் உட்காரட்டும்.

வராதவர்களையும் ஆதிச் சபையார் விட்டுவிடவில்லை. நற்கருணையில் பங்கிட்டதை உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோனதாக கி.பி. 155 வாக்கில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறார். படுக்கையில் கிடக்கும் பாட்டிமாருக்கு டிபன் கேரியர் போகிறதா?

கேள்வி: வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து வாரக்கணக்கில் தங்கிக் காணிக்கை கேட்கிறார். மறுத்தால் அன்பில்லாதவர்களா நாங்கள்?
– வாசகி, மோல்மேன்

பதில்: இல்லை. ‘திதாக்கே’ என்னும் பழைய சபை ஒழுங்கு நூலில் கணக்குத் தெளிவு: ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு; மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம்வரைக்கான அப்பம் மட்டும் கொடுக்கலாம். தனக்கென்று பணம் கேட்டாலும் கள்ளன்தான். வேறு ஏழைகளுக்காகக் கேட்டால் மட்டும் அவரை யாரும் குற்றப்படுத்தக் கூடாது. அப்படிக் கேட்டால், அந்த ஏழையின் பெயரையும் ஊரையும் வாங்கிச் சபையே நேரில் கொடுத்துவிடலாம்.