நஞ்சு குறைந்தால் பாக்டீரியாதான் காரணமா?

ஆன்டிபயாடிக் போட்டதும் சூடோ-நிட்ஷியா (டையாட்டம் வகையைச் சேர்ந்த கடல் நுண்பாசி) வளர்ப்பில் டோமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சு சரிந்துவிட்டது, அப்படியானால் நஞ்சைத் தயாரிப்பது பாக்டீரியாவா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அதற்கான மரபணுக்கள் டையாட்டத்துக்குள்ளேயே இருப்பது 2018-இல் தெரிந்துவிட்டது. ஆனால் கூட இருக்கும் பாக்டீரியா உற்பத்தியைத் தூண்டிவிடும். சூடோ-நிட்ஷியாவின் மல்டிசீரிஸ் இனத்தில் இதை 1990-களிலேயே பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு ஆன்டிபயாடிக் மேலேயும் சந்தேகம்தான், அதுவே செல்களை வாட்டியிருக்கலாம். ஆன்டிபயாடிக் இல்லாத சுத்தமான வளர்ப்பு ஊடகத்துக்கு இரண்டு மூன்று முறை மாற்றி வளர்த்து, அப்புறம் பாதிக் குடுவைகளில் பழைய பாக்டீரியாவைத் திருப்பிச் சேருங்கள். டையாட்டத்தின் ஓட்டுக்குத் தேவையான சிலிக்கேட் தீர்ந்து வளர்ச்சி நின்ற பிறகு, செல் ஒன்றுக்கு எவ்வளவு நஞ்சு என்று அளந்து பாருங்கள். வேகமாகப் பெருகும் கட்டத்தில் பொதுவாக நஞ்சு குறைவு, வித்தியாசம் பிடிபடாது.

பாக்டீரியா போய்விட்டதா என்று பார்க்க, அகார் தட்டில் எதுவும் முளைக்கவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். கடல் பாக்டீரியாவில் பெரும்பாலானவை அதில் வளராது. டி.என்.ஏ-வில் ஒட்டி ஒளிரும் டாப்பி (DAPI) சாயமிட்டு ஒளிர் நுண்ணோக்கியில் பாருங்கள்.