100 ரூபாய்க்கு 25,000 ரூபாயா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நிலக்கோட்டையில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன தை மாதம் மதுரைக்குப் போய், விளக்குத்தூண் பக்கம் லைனிங் துணி, நூல்கண்டு, கொக்கி எல்லாம் வாங்கிக்கொண்டு ஆரப்பாளையத்தில் வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். முன் சீட்டில் எழுபது வயதிருக்கும் பெரியவர் ஒருவர். கண்டக்டர் வந்ததும் சட்டைப் பையைத் தடவினார், இடுப்பு மடிப்பைத் தடவினார், மஞ்சள் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். டவுன் பஸ்ஸில் யாரோ பர்ஸை அடித்துவிட்டார்கள் போல. போனிலும் சார்ஜ் இல்லை. “சமயநல்லூர்ல இறங்கிக்கங்க பெரியவரே” என்றார் கண்டக்டர்.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, நான் முதலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ‘ஊருக்குப் போகக் காசில்லை’ என்று கேட்பவர்களிடம் இரண்டு தடவை ஏமாந்தவள் நான். ஆனால் சமயநல்லூரில் விசில் ஊதியதும் அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து நின்றார். அதைப் பார்க்க முடியவில்லை. 100 ரூபாய்த் தாளை நீட்டி அவருக்கு 60 ரூபாய் டிக்கெட் எடுத்தேன். மீதி 40 ரூபாயை மலை பஸ்ஸுக்கு ஆகும் என்று அவர் கையிலேயே வைத்துவிட்டேன். நிலக்கோட்டையில் இறங்கியதும் மறந்தும் போனேன்.

ஆனி மாதம் ஒருநாள் மகனோடு கடை வாசலில் வந்து நிற்கிறார்! என் கட்டைப்பையில் நூல்கண்டைப் பார்த்த நினைவை வைத்துக்கொண்டு, ஊரில் ஏழு தையல் கடை ஏறி இறங்கியிருக்கிறார். தாண்டிக்குடிப் பக்கம் மலைக்கிராமமாம். அன்றைக்கு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவிக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் வீட்டில் இருந்தன. அந்த ராத்திரியே ஊர் போய், எடுத்துக்கொண்டு விடிகாலையில் திரும்பிவிட்டாராம். அந்த அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

ஒரு மலைவாழைத் தார், இரண்டு கிலோ மிளகு, தாம்பூலத் தட்டில் ஒரு கவர். என் மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் சேரப்போகிறாள் என்று கேட்டறிந்து, “புஸ்தகம் வாங்கிக்க தாயி” என்று கவரை அவள் கையில் கொடுத்தார். அவர் போனபின் பிரித்தால் 25,000 ரூபாய்!

அத்தை, “நல்லது செஞ்சா நூறு மடங்காத் திரும்பும்னு சொன்னேன்ல” என்கிறார். வீட்டுக்காரர், “நூறு ரூபாய்க்கு இவ்வளவு வாங்குனா நாளைக்கு ஊர் என்ன பேசும், கொண்டுபோய்க் கொடுத்துடு” என்கிறார். எனக்கோ, முகத்தைத் திருப்பிக்கொண்டவளுக்கு இது தகுமா என்று உறுத்துகிறது. கவர் பீரோவில் இருக்கிறது. என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், நிலக்கோட்டை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசிவிடலாம். அவர் ரோஷக்காரர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பயப்படுகிறார்.

உங்கள் பக்கத்தில் செய்முறை நோட்டு இல்லாத வீடு உண்டா? காதுகுத்துக்கு யார் எவ்வளவு வைத்தார், சடங்குக்கு எந்தத் தாய்மாமன் எத்தனை தட்டு கொண்டுவந்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். வைத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் அதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் திருப்பிச் செய்ய வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் இதற்கென்றே ஆடி மாதம் மொய் விருந்து வைக்கிறார்கள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. கறிச்சோறு போட்டு, மேசை போட்டு உட்கார்ந்து எழுதி வாங்குவார்கள். வாங்கியதை அடுத்தடுத்த விருந்துகளில் கூட்டித் திருப்பியாக வேண்டும். கந்துவட்டிக்குப் போகாமல் கிணறு வெட்டியவர்களும் பிள்ளையைப் படிக்கவைத்தவர்களும் அதில் உண்டு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்தக் கணக்கிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு, எந்த நோட்டிலும் இல்லாத ஒரு மனிதர் 25,000 ரூபாயை வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? இதை எப்போது, எந்த விசேஷத்தில், எவ்வளவு கூட்டித் திருப்புவது என்ற கேள்விதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ‘ஊர் என்ன பேசும்’ என்பதெல்லாம் அதற்குப் போட்ட போர்வை. ஆகவே அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: இது செய்முறை இல்லை, பெரியவர் தன் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறார், நாம் திருப்ப வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. வரிப் பயமும் இருந்தால், உறவினர் அல்லாதவர்கள் தருகிற அன்பளிப்புத் தொகை வருஷத்துக்கு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டாத வரை வருமான வரி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி அந்த ‘நூறு ரூபாய்க்கு 25,000’. நீங்கள் மூவருமே நூறு ரூபாயிலிருந்து கணக்கை ஆரம்பிக்கிறீர்கள். அது உங்கள் பர்ஸிலிருந்து போன தொகை. அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ன? சமயநல்லூரில் இறங்கியிருந்தால் அவர் அன்று ராத்திரி ஊர் போய்ச் சேர்ந்திருப்பாரா? விடியும்போது அட்டையோடு ஆஸ்பத்திரியில் நின்றிருப்பாரா? அவர் எண்ணிப் பார்த்திருப்பது அந்த ஒரு ராத்திரியை. செய்ந்நன்றி அறிதல் அதிகாரம் என்றால் நமக்கெல்லாம் தினையும் பனையும்தான் உடனே ஞாபகம் வரும். அதற்கு அடுத்த குறள், 105-ஆவது, இன்னும் கறாரானது. உதவிக்கு அளவு அந்த உதவியில் இல்லை, அதைப் பெற்றவருடைய சால்பில் இருக்கிறது என்கிறது. அப்படிப் பார்த்தால் இந்த 25,000 ரூபாய் அந்தப் பெரியவரின் உயரம். உங்களுக்கு அது தகுமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இதை நான் வாங்கிய பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழும்பூரிலிருந்து கிளம்பிய ராத்திரி ரயில், மடியில் பத்து மாதக் குழந்தை, செங்கல்பட்டு தாண்டும்போது உடம்பு அனலாகக் கொதிக்கிறது. எதிர் சீட்டு அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய்த் தன் துண்டை வாஷ்பேசினில் நனைத்துப் பிழிந்து வந்து குழந்தையின் நெற்றியில் போட்டார். பையிலிருந்து காய்ச்சல் சிரப்பை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் மூடியை உயர்த்திப் பிடித்துக் கோடு பார்த்து ஊற்றினார். துண்டு காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தார். குழந்தை தூங்கியது, நானும் தூங்கிவிட்டேன். விழுப்புரம் தாண்டி விழித்தபோது எதிர் சீட்டு காலி. பச்சைக் கரை போட்ட அந்தத் துண்டு மட்டும் என் மடியில். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அந்தத் துண்டு கிழிந்து அடுப்படித் துணியாகி, அதுவும் நைந்துபோகும் வரை வைத்திருந்தேன். இன்றைக்கும் விழுப்புரத்தில் ரயில் நின்றால் பிளாட்பாரத்தில் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் முகத்தையெல்லாம் பார்ப்பேன். கொடுத்தவருக்கு இந்த அவஸ்தை தெரியாது, தங்கச்சி. உங்கள் பெரியவர் ஏழு கடை ஏறி இறங்கி உங்களைக் கண்டுபிடித்தாரே, எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது. கவரைத் திருப்பிக் கொடுத்தால் அவரை மறுபடி முதல் கடை வாசலுக்கே அனுப்புகிற மாதிரி.

கண்டுபிடிக்க முடியாதவர்கள் என்ன செய்வது? வேறு யாருக்காவது செய்கிறோம். அயர்லாந்துக்காரர்கள் செய்தது எனக்குப் பிடிக்கும். 1847-இல் அங்கே உருளைக்கிழங்குப் பஞ்சம், ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். கடல் தாண்டி அமெரிக்காவில் சோக்டா என்ற பழங்குடியினர், 1830-களில் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு வழிநெடுகப் பிணம் புதைத்துக்கொண்டு போனவர்கள், கையில் இருந்ததைப் போட்டு 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அவர்களுக்கு அயர்லாந்து எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திருக்குமோ என்னவோ. அயர்லாந்தின் கார்க் பகுதியில் மிடில்டன் என்ற ஊரில் அதற்கு நினைவுச் சின்னம் இருக்கிறது: ஒன்பது எஃகு இறகுகள், கிண்ணம்போல வட்டமாக நட்டிருக்கிறார்கள். 2020-இல் கொரோனா வந்து அமெரிக்காவின் நவஹோ, ஹோப்பி பழங்குடியினர் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் தவித்தபோது, அயர்லாந்திலிருந்து சாதாரண ஜனங்கள் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 170 டாலர் தந்தது சோக்டா மக்கள். வாங்கிக்கொண்டது நவஹோவும் ஹோப்பியும். நடுவில் 173 வருஷம்.

அத்தை சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் வாயால் நல்லது சொல்கிறார்கள், சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் ‘நூறு மடங்கு’ என்பதை மகள் மனதில் ஊன்ற விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கதை வருமே, சேற்றில் சிக்கிய பணக்காரப் பையனை ஒரு விவசாயி காப்பாற்றினார், அந்தப் பையன்தான் சர்ச்சில், விவசாயி மகன் ஃபிளெமிங் பென்சிலின் கண்டுபிடித்துச் சர்ச்சில் உயிரை மறுபடி காப்பாற்றினார் என்று. எனக்கே மாதம் ஒருமுறை வருகிறது. கட்டுக்கதை. 1943 டிசம்பரில் சர்ச்சிலுக்கு நிமோனியா வந்தபோது கொடுத்தது சல்ஃபா மருந்து, பென்சிலின் இல்லை. இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டே வளர்ந்தால், பத்துப் பேருக்கு உதவி ஒருவரும் திரும்பி வராதபோது கை சுருங்கிப்போகும். உங்கள் மகள் நர்ஸாகப் போகிறவள். வார்டில் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்ட நோயாளி, டிஸ்சார்ஜ் ஆகும்போது முகத்தைக்கூடப் பார்க்காமல் போவார். அதற்கும் பழக வேண்டும்.

அவளிடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதைச் சொல்லுங்கள். உங்களுக்கு உறுத்துவது அதுதானே? பஸ்ஸில் அன்று ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள், எல்லோரும் ஏதோ ஒரு ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஏமாந்த அந்த இரண்டு தடவையும் உங்கள் தலைக்குள் வந்து நின்றிருக்கும். விசில் ஊதிய பிறகுதான் திரும்பினீர்கள் என்றால், அதுவும் கணக்கில் உண்டு. பெரியவரிடம் போய் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவருக்கு அது தேவையில்லாத பாரம்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு நெருடுகிறது. இது அவருக்குத் தாங்குமா? காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செய்துகொண்ட வீட்டுக்கு 25,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. மிளகு விற்ற காசாக இருக்கலாம், எதையாவது அடகு வைத்ததாகவும் இருக்கலாம். இங்கிருந்து யோசித்துப் புண்ணியமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்வாருங்கள். வீட்டுக்காரர், மகள், நீங்கள் மூவருமாக. கவரைக் கையில் எடுக்காமல், அந்த அம்மாவைப் பார்த்து நலம் விசாரிக்கப் போவதாகப் போங்கள். சோறு போட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுப்படியைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். வசதியாக இருக்கிறார்கள் என்றால் சந்தோஷமாக ஊர் திரும்பி, ஃபீஸ் கட்டி, புத்தகம் வாங்கி, முதல் வருஷ மார்க்கைப் போனில் சொல்லச் சொல்லுங்கள். கஷ்டப்படுகிறார்கள் என்று தெரிந்தால், பெரியவரிடம் ஒரு பேச்சும் வேண்டாம். புத்தகத்துக்கு ஆனது போக மீதியை இன்னொரு நாள் அந்த அம்மாவின் கையில், மருந்துக்கு என்று வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டுக்காரரும் ஒரு தடவை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டால், கொண்டுபோய்க் கொடு என்கிற பேச்சை எடுக்க மாட்டார்.

போவதற்கு முன் பெரியவரின் மகனுக்குப் போன் செய்து, அவர் அம்மாவின் அளவு ஜாக்கெட் ஒன்றை வத்தலக்குண்டு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆன உடம்பு, அளவு மாறியிருக்கும், கொஞ்சம் தளர்வாகவே தையுங்கள். உள்தையலும் தாராளமாக விடுங்கள். ‘இதுவும் செய்முறைதானே’ என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

மலைப்பாதை, வளைவு அதிகம். மகளுக்குக் குமட்டும் என்றால் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து முன் சீட்டில் உட்காரவையுங்கள்.