பாட்டரா, மான்ட்கோமரியா? சிறு பாய்மரப் படகுகள் பற்றிக் கேள்வி பதில்

காருக்குப் பின்னால் ட்ரெய்லரில் கட்டி இழுத்துப்போய், நீரில் இறக்கி, இரவும் உள்ளேயே படுத்துக்கொள்ளும்படியான சிறு பாய்மரப் படகுகள் பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்வி: வெஸ்ட் வைட் பாட்டர் 19 வாங்குவதா, மான்ட்கோமரி 17 வாங்குவதா? முதலாவதை ஒன்பது ஆண்டுகள் வைத்திருந்தேன். இரண்டாவது இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன். படகின் அடியில் நீருக்குள் நீண்டு, அது கவிழாமல் பிடிக்கும் பகுதியை ஏரா என்றே எழுதுகிறேன். 'கீல்' என்று எழுதினால் கதவுக் கீல் நினைவுக்கு வருகிறது.

பெர்க்லி: நானும் மனைவியும் வார இறுதிகளில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஓட்டுவோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?

மான்ட்கோமரி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோடைக்காலப் பிற்பகலில் உங்கள் விரிகுடாவில் காற்று 20 முதல் 25 நாட் வரை (மணிக்கு 37 முதல் 46 கி.மீ.) வீசும். அலை உயரமாக இராது. குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். பாட்டரின் அடிப்பாகம் தட்டையானது, பக்கங்கள் மடித்த அட்டைப்பெட்டி போல ஒரு விளிம்பில் திரும்புகின்றன. அந்த அலையில் எதிர்காற்றில் ஏறும்போது முன்பக்கம் பொத்துப் பொத்தென்று விழும்; ஒவ்வோர் அடிக்கும் வேகம் செத்துப்போகும். மான்ட்கோமரியை வரைந்தவர் லைல் ஹெஸ். லின், லாரி பார்டி தம்பதியர் எஞ்சினே இல்லாமல் உலகம் சுற்றிய 'செராஃபின்' படகும் அவர் வரைந்ததுதான். பலகைமேல் பலகை வைத்துக் கட்டிய மரப்படகு போலத் தோன்றும் உடல், ஆனால் வார்த்தெடுத்தது ஃபைபர் கண்ணாடியில். 17 அடிதான், எடை மட்டும் 1,550 பவுண்டு. 19 அடிப் பாட்டரோ 1,225 பவுண்டு. சின்னப் படகு கனமாக இருப்பதைப் பார்த்து விற்பனைத்தாள் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கனம்தான் அலையைப் பிளக்கிறது.

இரவில் நங்கூரத்தில் இரண்டுமே தூங்கவிடாது. பாட்டரின் விளிம்பில் நீர் அறையும். மான்ட்கோமரியின் மடிப்புகளில் சளசளக்கும். என் மனைவி அறைவதைவிடச் சளசளப்பு தேவலை என்கிறாள்.

ஹூஸ்டன்: கால்வெஸ்டன் விரிகுடாவுக்கு?

பாட்டர். ஏராவைத் தூக்கிவிட்டால் அதற்கு ஆறங்குல நீர் போதும். மான்ட்கோமரிக்கு, அடியில் தொங்கும் பலகையை உள்ளே இழுத்த பிறகும் ஒன்றே முக்கால் அடி வேண்டும். உங்கள் ஊர்ச் சேற்றுத் திட்டுகளில் அந்த வித்தியாசம் இறங்கித் தள்ளுவதற்கும் தள்ளாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை. நெடுந்தூரம் ஓடி வந்ததும் ட்ரெய்லரை உடனே நீரில் இறக்காதீர்கள். சூடான சக்கரக் குடம் நீரில் மூழ்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உள்ளே இழுக்கும். பிறகு பேரிங் நெடுஞ்சாலையில்தான் தன் கதையைச் சொல்லும். கை வைத்துப் பாருங்கள், ஆறிய பிறகு இறக்குங்கள்.

சாக்ரமென்டோ: பாட்டரில் நான்கு பேர் படுக்கலாம் என்கிறார்களே?

படுக்கலாம், நான்கு பேரும் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டால். இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பாட்டரின் அறைதான் பெரிது.

ஆஸ்டின்: ஏழு ஆண்டுகளாக டிராவிஸ் ஏரியில் பாட்டர் 19 ஓட்டுகிறேன். ஏராவைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகளை இறுக்குவதே இல்லை. பாறையில் மோதினால் ஏரா மேலே எழும்பித் தப்பிக்கட்டுமே?

எழும்பாது. பாட்டரின் ஏரா கத்தியை உறையில் செருகியது போல நேர்செங்குத்தாக ஏறி இறங்குவது. நீங்கள் முன்னோக்கி ஓடும்போது பாறை அதன் முன்விளிம்பில் மோதும். பின்னால் மடங்க அதற்கு வழியில்லை. உறையோடு நெரித்துக்கொண்டு நிற்கும். அலை தாழும்போதோ வற்றத்திலோ படகு தரையில் அமர்ந்தால்தான் கீழிருந்து மேலே தள்ளுவிசை கிடைக்கும். போல்ட் வேறு வேலைக்கு. படகு காற்றில் பக்கவாட்டில் சரிந்து பாய் நீரைத் தொட்டுவிட்டால், படகை நிமிர்த்த வேண்டிய அந்த இரும்பு, கட்டப்படாமல் இருந்தால் வழுக்கி உறைக்குள்ளேயே திரும்பிவிடும். தேவைப்படும் நேரத்தில் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும் ஏரா எதற்கு?

பிட்ஸ்பர்க்: என் சிறிய கார் இழுக்குமா?

படகின் எடையைப் பார்க்காதீர்கள். ட்ரெய்லர், எஞ்சின், நங்கூரம், தண்ணீர், சமையல் சாமான் எல்லாம் சேர்ந்து பாட்டரே 2,000 பவுண்டை எளிதாகத் தாண்டும். கார்க் கையேட்டைப் பாருங்கள். பேரிங்கையும்.

ஆஸ்டின் (மீண்டும்): ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கவிழவில்லை. போல்ட் இறுக்கியிருந்தால் போன கோடையில் சுண்ணாம்புப் பாறையில் படகு உடைந்திருக்கும்.

கவிழாதது உங்கள் ஏரியின் நல்ல குணம். போன கோடையில் என்ன வேகத்தில் போனீர்கள்? நடை வேகமாக இருந்திருக்கும். போல்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கீறல்தான். வறட்சியில் மட்டம் இறங்கும் ஏரியில் போன வருடம் ஆழமாக இருந்த இடம் இந்த வருடம் பாறை. ஆழமானி போடுங்கள்.

சியாட்டில்: ஆஸ்டின் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மான்ட்கோமரியின் பலகை மோதினால் மடங்குமே?

மடங்கும். அது ஆணியில் சுழலும் பலகை. இடித்தால் பின்னால் ஒதுங்கும். நிமிர்த்தும் கனமோ ஆழமில்லாத நிலையான ஏராவில் இருக்கிறது, எங்கும் ஓடிப்போகாது. பாறை உள்ள நீருக்கு அதுவே நல்ல அமைப்பு. ஆனால் கரையில் ஏற்றினால் கூழாங்கல் இடுக்கில் சிக்கிப் பலகை கீழே இறங்காமல் அடம்பிடிக்கும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓடு இல்லாத ஆமையாகப் படகின் அடியில் கிடந்திருக்கிறேன். நியாயம் மான்ட்கோமரிக்கு, போல்ட் இறுக்காத பாட்டர்காரருக்கு அல்ல.

சென்னை: ஒரு பாட்டரை இறக்குமதி செய்து முட்டுக்காட்டில் ஓட்டலாமா?

அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு முதலில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் விசாரியுங்கள்.

டாலஸ்: மாக்ரெகர் 26 எப்படி? பெரிதாக இருக்கிறதே.

கனத்துக்காகத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும் படகு. தொட்டியை நிரப்பாமல் பாய் விரித்தால் ஆபத்து. வேறு சாதி, இன்று அதைத் தொடவில்லை.

டென்வர்: எந்தக் கார் இழுக்கும்?

மேலே பிட்ஸ்பர்க் பதில்.

சான் டியாகோ: பாய்மரத்தைத் தனியாக நிமிர்த்த முடியுமா?

இரண்டிலும் முடியும், பழகினால். அதற்கு முன் தலைக்கு மேல் பாருங்கள். இறங்குதளத்தின் அருகே மின்கம்பி இருக்கும். உங்கள் கையில் இருப்பது நீண்ட அலுமினியக் கம்பம். நிமிர்த்திய படகை ட்ரெய்லரில் வைத்தே நகர்த்தும்போதும் பாருங்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், ஒவ்வொரு முறையும் எழுதுவேன்.

ஃபீனிக்ஸ்: கார்...

பிட்ஸ்பர்க்.

ஆஸ்டின் (மூன்றாம் முறை): சரி, இறுக்கிவிடலாம் என்று இன்று உள்ளே போய்ப் பார்த்தேன். போல்ட்டுகளே இல்லை. படகை வாங்கிய நாளிலிருந்து இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

ஏழு ஆண்டுகள் இல்லாத போல்ட்டை இறுக்காமல் இருந்தீர்கள்! துளையின் அளவை எடுத்துக்கொண்டு போய்த் துருப்பிடிக்காத எஃகில் வாங்கிப் போடுங்கள். கடைக்குப் போகிற வழியில் சக்கரப் பேரிங்குக்கு கிரீஸும் வாங்கிவிடுங்கள். அந்தப் படகை உங்களுக்கு விற்றவர் அதையும் தொட்டிருக்க மாட்டார்.