முள் ‘எஃப்’பிலேயே நிற்கிறது, மீற்றரை மாற்றவேண்டுமா?

கேள்வி: அப்பா ஓடிய மொறிஸ் மைனர் 1000 இப்போது என்னிடம் இருக்கிறது. பெற்றோல் மீற்றரின் முள் எந்நேரமும் ‘எஃப்’பிலேயே நிற்கிறது. அதை நம்பிப் போய் கந்தளாய் றோட்டில் பெற்றோல் முடிந்து நின்றுவிட்டேன். மீற்றரையும் தாங்கிக்குள் இருக்கும் மிதவை யுனிட்டையும் சேர்த்து மாற்றவேண்டும், சாமான் பஞ்சிகாவத்தையில் எடுக்கலாம் என்கிறார்கள் கராஜில். வாங்கலாமா?
வாசகர், உப்புவெளி

பதில்: இப்போதைக்கு ஒன்றும் வாங்கவேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாவது அபூர்வம். கடற்காற்று அடிக்கும் உங்கள் பக்கத்தில் எனக்கு முதற்சந்தேகம் எர்த்தில்தான், அதாவது மின்சாரம் காரின் பொடிக்கு (இரும்பு உடலுக்கு)த் திரும்பும் இணைப்பில்.

முதலில் மீற்றர் எந்த வகை என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று துள்ளினால் பழைய காந்த வகை. மெல்ல மெல்ல ஏறினால் பிந்திய வெப்ப வகை. இது முக்கியம், ஏனென்றால் இரண்டும் நேரெதிராக வேலை செய்பவை. காந்த வகையில் வயர் அறுந்தாலோ யுனிட்டுக்கு எர்த் கிடைக்காவிட்டாலோ முள் ‘எஃப்’புக்குப் போய்விடும். வெப்ப வகையில் அதே பழுதுக்கு ‘ஈ’யில் (தாங்கி வெறுமை என்று) கிடக்கும்.

உங்களுடையது காந்த வகை என்றால், சாவியை நிறுத்திவிட்டு, யுனிட்டில் இருந்து வரும் பச்சை-கறுப்பு வயரைக் கழற்றி, தாங்கிக்குத் தள்ளி பொடியில் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு சாவியைப் போடுங்கள். முள் ‘ஈ’க்கு இறங்கினால் மீற்றரும் வயரும் நல்லாய் இருக்கின்றன, காசு மிச்சம். அப்புறம் சாவியை நிறுத்தி, வயரைப் பழையபடி மாட்டி, யுனிட்டைத் தாங்கியில் பூட்டியிருக்கும் ஆணி ஒன்றில் இருந்து பொடிக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துக் கட்டி, மறுபடி சாவியைப் போட்டுப் பாருங்கள். முள் சரியான அளவுக்கு வந்துவிட்டால் பழுது எர்த் மட்டும்தான். ஆணிகளைச் சுற்றிய துருவைச் சுரண்டி, அந்த வயரையே நிரந்தரமாக்கிவிடலாம். முன்பு யாராவது யுனிட்டைக் கழற்றி, ஆணி முழுக்கப் பசை பூசிப் பூட்டியிருந்தாலும் எர்த் இப்படித்தான் போகும்.

வெப்ப வகை என்றால் யுனிட் வயரைக் கழற்றினாலே முள் ‘ஈ’க்கு இறங்கவேண்டும். இறங்காவிட்டால் வயர் வழியில் எங்கோ பொடியைத் தொடுகிறது, அல்லது மீற்றரில் பழுது.

இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பெற்றோல் இல்லாத தாங்கிதான் அதிக ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். தாங்கிக்குப் பக்கத்தில் வயரை உரசிப் பொறி பறக்கவிடக் கூடாது.

யுனிட் பழுது என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். காந்த வகை யுனிட்டில் தாங்கி நிறைய நிறைய ஓம் (மின்தடை) கூடும், வெப்ப வகையில் குறையும். மாறிப் பூட்டினால் பெற்றோல் அடிக்க அடிக்க முள் இறங்கும். கடையிலேயே மிதவையை மேலும் கீழும் அசைத்து, மல்டிமீற்றரில் ஓம் விட்டுவிட்டு வராமல் சீராக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். தாங்கி வாய்க்கு வைக்கும் புது வாசரும் சேர்த்து எடுங்கள். ‘காந்த மீற்றருக்கு’ அல்லது ‘வெப்ப மீற்றருக்கு’ என்று உங்கள் வகையை எழுதிய பில் கேளுங்கள். கேட்டால் பில் கொடுக்கவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்திலேயே இருக்கிறது. பிழையான சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் துண்டுதான் பேசும்.

அதுவரை தாங்கியை நிரப்பி, கிலோமீற்றரைக் குறித்துக்கொண்டு ஓடுங்கள். ஆறரை கலன், அதாவது சுமார் 29.5 லீற்றர் பிடிக்கும். 200 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி அடித்துவிடுங்கள்.