கணினி அறிவியல் இளநிலையில் ஆனர்ஸ் எடுக்கிறேன். ஆப் ஒன்று செய்து அதையே தீசிஸாகக் கொடுக்கலாமா? எப்படித் திட்டமிடுவது?

கொடுக்க முடியாது. கொடுத்தாலும் கமிட்டியில் அடிபடும். ஆனர்ஸில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆப் செய்வது கடைசி ஆண்டு பிராஜெக்ட். அங்கே ஓடுகிறதா இல்லையா என்று பார்ப்பார்கள். ஆனர்ஸ் தீசிஸில் என்ன கேட்டீர்கள், என்ன கண்டீர்கள், அதை எப்படி நம்புவது என்று பார்ப்பார்கள். "கோடில் பிழை கண்டுபிடிக்கும் கருவி செய்தேன்" என்பது பிராஜெக்ட். "பிழை கண்டுபிடிக்கும் மாடலிடம் கோடை அப்படியே வைத்து, வேரியபிள் பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்தால் துல்லியம் எவ்வளவு விழும்?" என்பது தீசிஸ். இரண்டாவதில் விழுந்தாலும் விடை, விழாவிட்டாலும் விடை. எந்தப் பக்கம் முடிந்தாலும் எழுத விஷயம் இருக்கும்படி கேள்வியை அமைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இதற்கு நல்ல சாட்சி எவின் டாங். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவியாக இருந்தபோது, அவருடைய கைடு ஸ்காட் ஆரன்சன் கொடுத்த வேலை இது: ஒருவருக்கு எது பிடிக்கும் என்று ஊகித்துச் சொல்லும் பரிந்துரைக் கணக்குக்கு 2016-ல் வந்த குவாண்டம் கணினி அல்காரிதத்தின் (கணக்கிடும் வழிமுறையின்) வேகத்தை எந்தச் சாதாரணக் கணினி அல்காரிதமாலும் எட்ட முடியாது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபணம் வரவே இல்லை. ஏனென்றால், எட்டக்கூடிய அல்காரிதம் ஒன்று இருந்தது. 2018-ல் அதை அவரே கண்டுபிடித்துவிட்டார். எல்லோருக்கும் இப்படி அமையாது. ஆனால் தேடிப் போனதற்கு நேர் எதிரானது கிடைப்பதும் முடிவுதான்.

அடுத்தது கைடு. தலைப்பைவிட ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டின் இரண்டாம் செமஸ்டர் தொடங்கும்போதே மெயில் போடுங்கள். ஆறு வரி போதும்: எந்த ஆண்டு, எடுத்த பாடங்கள், அவருடைய எந்தப் பேப்பரைப் படித்தீர்கள், அதில் எது புரியவில்லை, எப்போது சந்திக்கலாம். "உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம் உண்டு" என்ற வரி எந்த வேலையும் செய்யாது. "நான்காம் பிரிவில் அந்த டேட்டாசெட்டை ஏன் விட்டீர்கள்?" என்ற ஒரு கேள்வி பதிலை வாங்கித்தரும். நேரில் போனால் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது எத்தனை இளநிலை மாணவர்களுக்கு கைடு? வாராவாரம் அரைமணி நேரம் அவரே தருவாரா, பிஎச்டி மாணவரிடம் விடுவாரா? அடுத்த ஆண்டு ஆய்வு விடுப்பில் போகிறாரா? மூன்றாவதைக் கேட்காமல் சேர்ந்துவிட்டு, நான்காம் ஆண்டில் வேறு நாட்டு நேரக் கணக்கில் வீடியோ காலுக்குக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

சி.ஜி.பி.ஏ. எல்லை, கூடுதல் கிரெடிட், கட்டாயமான உயர்நிலைப் பாடங்கள் எல்லாம் துறைக்குத் துறை மாறும். கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையைக் கடைசி செமஸ்டர் வரை காக்க வேண்டுமா, சேரும்போது இருந்தால் போதுமா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புரொபோசல் இரண்டு பக்கம். கேள்வி, அதற்கு மிக நெருங்கிய மூன்று பேப்பர்கள், டேட்டா எங்கிருந்து வரும், வாரக் கணக்கில் அட்டவணை, பெரிய திட்டம் சரிந்தால் கையில் மிஞ்சும் சின்னத் திட்டம். ஆட்களிடம் சர்வே எடுப்பதாகவோ, மென்பொருளைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்வதாகவோ இருந்தால், நெறிமுறைக் குழு அனுமதிக்குப் பல வாரங்கள் ஆகும். அனுமதிக்கு முன் சேகரித்த டேட்டாவைப் பயன்படுத்த விடமாட்டார்கள். எனவே அந்த விண்ணப்பம்தான் முதல் வேலை.

இனி உண்மையான உழைப்பு. முதல் ஆறு வாரத்தில் புதிதாக எதையும் செய்யாதீர்கள். நெருங்கிய பேப்பர் ஒன்றை எடுத்து, அதன் கோடை ஓட்டி, அவர்கள் போட்ட எண் உங்களுக்கும் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் தடவை வராது. லைப்ரரியின் பதிப்பு வேறாக இருக்கும், டேட்டாவைச் சுத்தம் செய்த ஸ்கிரிப்ட் ரெபாசிட்டரியிலேயே (கோடு வைத்திருக்கும் களஞ்சியத்திலேயே) இருக்காது, பேப்பரில் சொன்ன லேர்னிங் ரேட் (மாடல் எவ்வளவு வேகமாகக் கற்கிறது என்ற அமைப்பு) ஒன்றும் கோடில் இருப்பது வேறொன்றுமாக இருக்கும். இந்த பேஸ்லைன், அதாவது உங்கள் முடிவை ஒப்பிட வேண்டிய அடிப்படை எண், நிற்காமல் மேலே கட்டும் எதுவும் நிற்காது.

மேலே சொன்ன வேரியபிள் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு விதப் பெயர்மாற்றம், மூன்று டேட்டாசெட், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரேண்டம் சீட் (தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் எண்), ஒரு ஓட்டத்துக்கு ஆறு மணி நேரம். பெருக்கினால் 360 மணி நேரம்; மாடலை ஓட்டும் ஜி.பி.யு. சிப் ஒன்றில் இடைவிடாமல் 15 நாள். நடுவில் ஒரு பிழை கண்டுபிடித்து மறுபடி ஓட்டினால் 30 நாள். நிச்சயம் மறுபடி ஓட்டுவீர்கள். பல்கலைக்கழகத்தின் பொது ஜி.பி.யு. வரிசையில் டெட்லைன் வாரத்தில் கூட்டம் அலைமோதும் என்பதையும் சேர்த்துக்கொண்டு, டேட்டாசெட்டை இரண்டாகக் குறைக்கலாமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். சீட்டைக் குறைக்காதீர்கள். ஒரே சீட்டில் வந்த 1.2 சதவீத முன்னேற்றம், ஐந்து சீட் போட்டால் காணாமல் போவது சகஜம்.

எண் சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக இருந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள், அதாவது டெஸ்ட் டேட்டா டிரெயினிங்கிலேயே கலந்திருக்கிறதா என்று. கோடு டேட்டாசெட்களில் ஒரே ஃபங்ஷன் நகலெடுக்கப்பட்டுப் பல ரெபாசிட்டரிகளில் கிடக்கும். ஃபைல் வாரியாகக் கலைத்துப் பிரித்தால் ஒரு நகல் டிரெயினிங்கிலும் இன்னொன்று டெஸ்டிலும் விழும். மாடல் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிடும். முதலில் நகல்களை நீக்கி, பிறகு ரெபாசிட்டரி வாரியாகப் பிரியுங்கள்.

சிஸ்டம்ஸ் பக்கம் (புரோகிராம்களின் வேகத்தை அளந்து கூட்டும் வேலைக்கு) போகிறவர்களுக்கு வேறு தலைவலி. யூனிக்ஸ் என்விரான்மென்ட் வேரியபிள்களின் (யூசர் பெயர் போன்ற, புரோகிராமுக்குக் கொடுக்கப்படும் சூழல் விவரங்களின்) மொத்த நீளம் மாறினாலே, ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி தொடங்கும் முகவரி நகர்ந்து, புரோகிராமின் ஓட்ட நேரம் மாறக்கூடும் என்று 2009-லேயே காட்டிவிட்டார்கள். உங்கள் ஆப்டிமைசேஷன் கொடுத்ததாக நினைக்கும் வேகம், யூசர் பெயரின் நீளம் கொடுத்ததாகவும் இருக்கலாம். சூழலை மாற்றி மாற்றி அளந்து, சராசரியோடு பரவலையும் போடுங்கள்.

எழுதுவதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். செய்முறை அத்தியாயத்தைச் சோதனை ஓடும்போதே எழுதிவிட வேண்டும்; மூன்று மாதம் கழித்து எந்த வடிகட்டியை ஏன் போட்டோம் என்பது நினைவில் இருக்காது. அறிமுகம் கடைசியில். ஒவ்வொரு டேபிளுக்கும் அதை உண்டாக்கிய கிட் கமிட் எண்ணை (கோடின் அந்தப் பதிப்பைக் குறிக்கும் எண்ணை), தீசிஸ் எழுதும் லேடெக்ஸ் ஃபைலில் கமென்ட்டாகப் போட்டு வையுங்கள். கைடு "இந்த 71.4 எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் நாள் வரும். மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் பிப்டெக்ஸில், தலைப்பில் வரும் பெயர்களை நெளிவு அடைப்புக்குள் போடாவிட்டால், பல ஸ்டைல்கள் 'பெர்ட்' (BERT) என்ற மொழி மாடலின் பெயரில் உள்ள பெரிய எழுத்துகளைச் சின்ன எழுத்தாக்கிவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் கைடைத் தவிர தீசிஸைப் படித்து மதிப்பிடும் இரண்டாம் வாசகர் முதலில் பார்ப்பது அதைத்தான். முழு டிராஃப்ட் கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே கைடு கையில் இருக்க வேண்டும்.

வைவாவில் கோடைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார்கள். "வேறு காரணத்தாலும் இந்த முடிவு வந்திருக்கலாமே?" என்பதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். அதற்கான சோதனை ஒன்றைத் தனி ஸ்லைடில் பின்னால் ஒளித்து வையுங்கள்.

முதல் செமஸ்டர் முடிவில் பேஸ்லைன் நிற்கவில்லை, கைடும் சிக்கவில்லை என்றால் விலகிவிடலாம். பட்டம் எங்கும் போகாது, ஆனர்ஸ் என்ற சொல் மட்டும்தான் போகும். செய்த வேலையைத் தனி ஆய்வுப் பாடமாக மாற்றி கிரெடிட் தருவார்களா, அதற்குக் கடைசித் தேதி எது என்பதைச் சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.